பத்தாயத்தின் மேல் வைத்த பெட்டி

எங்கள் வீட்டில் சத்தம் நுழையாத இடம் ஒன்றே ஒன்றுதான், நெல் அறை. ஜன்னல் கிடையாது, பழங்காலத்துத் தடித்த சுவர். வருஷச் சாப்பாட்டுக்கான நெல்லைக் கொட்டிவைக்கும் பத்தாயம் பாதி அறையை அடைத்துக்கொண்டு நிற்கும். மார்பளவு உயரமுள்ள மரப்பெட்டி அது. மீதிப் பாதியில் ஒரு மேஜை, ஒரு மைக், ஒரு லேப்டாப், நான். பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவது என் தொழில். கல்யாணமாகி வந்த ஊரில், வயல் வேலைக்கு நடுவே, எனக்கென்று நானே உண்டாக்கிக்கொண்ட தொழில்.

போன வருஷம் என் ஹார்ட் டிஸ்க் சொல்லாமல் கொள்ளாமல் மண்டையைப் போட்டது. ஒரு முழு அறிவியல் புத்தகம் அதோடு போயிற்று. அழுதுகொண்டே மறுபடி வாசித்தேன். ஒளிச்சேர்க்கையை அழுதுகொண்டே வாசித்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான் இருப்பேன்.

அதற்குப் பிறகுதான் இரண்டு ஹார்ட் டிஸ்க் போடும் நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி வாங்குவதென்று முடிவு செய்தேன். நான் பேசப் பேசவே பதிவு இரண்டு டிஸ்கிலும் ஏறிவிடும், ஒன்று செத்தால் மற்றது இருக்கும். ஹாலில் வைக்க முடியாது. எங்கள் வீட்டில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிட்டு போனை சார்ஜ் போடுவார்கள். ஆகவே மைக் இருக்கும் அறையிலேயே வைக்கவேண்டும், மூச்சு விடாத பெட்டியாக இருக்கவேண்டும்.

தஞ்சாவூர்க் கடைக்காரர் பெரிய, வேகமான டிஸ்கைத்தான் காட்டிக்கொண்டே இருந்தார். ஆபீஸ்களில் போடுவது, நல்ல ஸ்பீடு என்றார்.

"ஸ்பீடு எனக்கு எதுக்குங்க? ஒரு மனுஷி பேசுறதைத்தானே எழுதப்போகுது. எந்த மனுஷியும் அவ்வளவு வேகமாப் பேசமாட்டா" என்றேன்.

வேகமாகச் சுற்றும் டிஸ்க் கடகடக்கும், சூடாகும் என்று படித்திருந்தேன். மெதுவாகச் சுற்றுவதாக, ஓய்வில்லாமல் ஓடுவதற்கென்றே செய்ததாக இரண்டு கேட்டேன். கூரைக்கு ஓடு வேய்வதுபோல தகவலை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றி எழுதும் வகை வேண்டாம், டிஸ்கை மாற்றும்போது அது மக்கர் பண்ணும் என்றும் சொன்னேன். பெட்டியின் ஃபேன் பெரிதாக, மெதுவாகச் சுழல்வதாகப் பார்த்தேன். கடைக்காரர் கடைசியில் எனக்கு டீ வரவழைத்தார்.

பங்குனியில் அதைக் கொண்டுவந்து, மேஜையில் இடமில்லாததால் பத்தாயத்தின் மேல் வைத்தேன். இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. அண்ணன் வீடு ஒரத்தநாட்டில். அங்கேயும் ஒரு நகல் போய்ச் சேர ஏற்பாடு செய்துவிட்டு, மகாராணி மாதிரி வேலை பார்த்தேன்.

ஆடி வந்தது. பதிவுக்கு அடியில் ஒரு உறுமல் கேட்க ஆரம்பித்தது. ஆவணியில் அது வளர்ந்தது. நிறுவனத்திலிருந்து ஒரு அம்மாள் போன் செய்தார். "மேடம், குரல் நல்லா இருக்கு. பின்னாடி ஒரு ரீங்காரம் வருது. அடுத்த புத்தகத்திலயும் இப்படி இருந்தா வேற ஆள்கிட்ட குடுக்க வேண்டியதாயிடும்."

ஃபேனைத் துடைத்தேன், திருகுகளை முடுக்கினேன். டிஸ்க் நன்றாக இருப்பதாகச் சோதனை சொன்னது. கடைக்காரரும் அதையேதான் சொன்னார்.

"பேசும்போது மட்டும் நிறுத்தி வையேன்" என்றார் கணவர்.

"பேசும்போது எழுதத்தானேங்க வாங்கினது!"

"அப்ப உன் தலையில நல்லாக் கட்டிட்டான்."

அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பார்த்துப் பார்த்து வாங்கியவள் நான். கோபம் தலைக்கேறி, கொல்லையில் வீசிவிடுவதென்று பெட்டியை அப்படியே தூக்கினேன். ஓடுகிற டிஸ்கை அசைக்கக் கூடாது என்று ஊருக்கெல்லாம் பாடம் எடுத்தவளும் நான்தான்.

உறுமல் நின்றுபோயிற்று.

கையில் பெட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, விளக்குகள் மினுங்கின. மெல்லப் பத்தாயத்தின் மேல் இறக்கினேன். உறுமியது. தூக்கினேன். நின்றது. பெட்டியை முறைப்படி நிறுத்திவிட்டு, பத்தாயத்தின் பலகையை விரலால் தட்டினேன். தவில் மாதிரி அதிர்ந்தது. பங்குனியில் கிட்டத்தட்ட வாய்வரை நெல் இருந்தது. மாதாமாதம் அத்தை, என் மாமியார், நெல்லை இறக்கி, அவித்து, மில்லுக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். நாங்கள் சாப்பிடச் சாப்பிடப் பத்தாயம் காலியாகிவந்தது, உறுமல் ஏறிவந்தது. டிஸ்கின் மேல் ஒரு குற்றமும் இல்லை.

"அத்தை! சோறுதான் அத்தை சத்தம் போட்டிருக்கு!" என்று கத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். எனக்கு ஏதோ ஆகிவிட்டதென்று அத்தை முதலில் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். விஷயம் புரிந்ததும் அவரே ஒரு கடப்பாக்கல்லைக் காட்டி, மேலே போட சாக்கை நாலாக மடித்துக் கொடுத்தார். மேஜைக்கு அடியில் கல், கல்லின் மேல் சாக்கு, சாக்கின் மேல் பெட்டி. ஸ்விட்சைப் போட்டேன்.

நான் எதுவும் பேசாமல் ஒரு நிமிஷம் பதிவு செய்து, ஹெட்போனைக் கணவர் தலையில் மாட்டினேன்.

"ஒன்னுமே கேக்கலையே?"

"நல்லாக் கேளுங்க."

மறுபடி காதைப் பொத்திக்கொண்டு கேட்டார். கண்ணை மூடிக்கொண்டும் கேட்டார். "சத்தியமா ஒன்னும் இல்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் வாயால் மூன்று முறை சொல்லவைத்த பிறகுதான் ஹெட்போனைக் கழற்றினேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

அடுத்த புத்தகம் முழுவதையும் அனுப்பினேன். இரண்டு நாளில் அதே அம்மாள் போன் செய்தார்.

"மேடம், இவ்வளவு சுத்தமான பதிவு சென்னையிலயே எங்களுக்குக் கிடைக்கல. புது ஸ்டூடியோ போட்டுட்டீங்களா? தஞ்சாவூர்ப் பக்கம் இன்னும் ரெண்டு பேர் எங்களுக்கு வாசிக்கிறாங்க. உங்க ஸ்டூடியோவுல வந்து பதிவு பண்ணிக்கலாமா?"

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு ஸ்டூடியோ முதலாளி பேசவேண்டிய தோரணையில் பேசினேன்.

"தாராளமா வரச்சொல்லுங்க. தை மாசம் மட்டும் வேண்டாம். ஸ்டூடியோவுல நெல்லு கொட்டுவோம்."