மலிவு ஃபில்டரும் நல்ல தண்ணியும்

வீட்டுக்காரம்மாவை எனக்குப் பிடிக்காது. இதை அவரிடம் நான் ஒருநாளும் சொன்னதில்லை. எதையும் முகத்துக்கு நேரே சொல்லும் பழக்கம் எனக்கு இல்லை. எதிரில் ஆள் நின்றால் என் வாய் ஒட்டிக்கொள்ளும். அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் எங்கள் வளவில் மொத்தம் நான்கு வீடுகள். முன்வீட்டில் வீட்டுக்காரம்மா. பின்னால் வரிசையாக மூன்று வாடகை வீடுகள், அதில் கடைசி வீட்டில் நானும் என் கணவரும். நான்கு வீட்டுக்கும் ஒரே போர். அதில் வருவது உப்புத் தண்ணி. குளிக்க, துவைக்க, பாத்திரம் கழுவ எல்லாம் அதுதான். மோட்டார் சுவிட்ச் முன்வீட்டுக்குள் இருக்கிறது. குடிக்கவும் சமைக்கவும் நகராட்சிக் குழாயில் நல்ல தண்ணி வரும். அது வருகிற அன்று வளவில் வேறு வேலை நடக்காது.

நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். கணவர் விளாத்திகுளம் போகிற மினிபஸ்ஸில் கண்டக்டர். மகளைத் திருப்பூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவள் கல்லூரியில் படிக்கும்போது ஆசைப்பட்டு வாங்கிய மீன்தான் எங்களிடம் இருப்பது. ஃப்ளவர்ஹார்ன் என்று பெயர். நெற்றியில் சிவப்பாக ஒரு புடைப்பு, பார்த்தாலே சண்டைக்கு வந்த ஆள் மாதிரி முகம். கல்யாணமாகிப் போகும்போது சேலை, பாத்திரம், தலையணை உறை வரை எண்ணி எடுத்துப் போனவள் மீனை மட்டும் விட்டுவிட்டுப் போனாள்.

அது வேறு எந்த மீனையும் உடன் இருக்க விடாது. துணைக்கு விட்ட ஒன்றை மத்தியானத்துக்குள் கொன்றுவிட்டது. கண்ணாடிக்கு முன்னால் யார் வந்தாலும் முட்ட வரும். ரவிக்கைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கூலியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பார்கள். எனக்கு மறுக்க வராது. அப்போது பார்த்துத் தொட்டியில் டொக்கென்று ஒரு முட்டு விழும். அவர்கள் பயந்து ஒரு அடி தள்ளிப் போவார்கள். பேரம் அதோடு நின்றுவிடும். அந்த மீனை எனக்குப் பிடித்துப்போனதற்கு இதைவிட வேறு காரணம் சொல்லத் தெரியவில்லை. என்னால் முடியாததை அது செய்தது.

ஆனால் அது தின்கிற தீனிக்கு அழுக்கும் அதிகம். தொட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பாஞ்ச் ஃபில்டருக்கு அதைச் சமாளிக்கத் தெம்பில்லை. நான்கு நாளில் தண்ணி கலங்கும், ஏழாம் நாள் நாறும். வாரம் ஒருமுறை பாதித் தொட்டியை இறைத்துச் சாக்கடையில் ஊற்றிவிட்டு, போர் தண்ணியைக் குடம் குடமாகச் சுமந்து நிரப்புவேன். நான் சுமப்பதை வீட்டுக்காரம்மா வாசலில் உட்கார்ந்து எண்ணுவார்.

"ஏட்டி, ஒம் மீனுக்கு ஊத்துத தண்ணில என் வீட்ல அஞ்சு பேரு குளிச்சிருவோம்டி."

நான் சிரித்துவைப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என்னையே அறையத் தோன்றுகிறது.

மாசி மாதம் ஒருநாள் என் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டார். எங்கள் வீட்டுத் தரை கரிசலில் இறங்கி ஒரு பக்கம் சாய்ந்திருப்பதால், தொட்டியில் தண்ணி ஒரு ஓரத்தில் இரண்டு விரல் ஏறித்தான் நிற்கும். ஸ்டாண்டுக்கு அடியில் மரத்துண்டு சொருகியிருந்தேன். அதைக் குனிந்து பார்த்தார்.

"தரைய வேற ஒடச்சு வச்சிருக்கா. இங்கேரு, போர்ல தண்ணி எறங்கிட்டே போவுது. சித்திரை பொறக்கதுக்குள்ள இந்தத் தொட்டியத் தூக்கிரணும். இல்லன்னா வேற வீடு பாத்துக்கிடுங்க."

"சரிக்கா" என்றேன்.

போரில் தண்ணி இறங்கிக்கொண்டிருந்தது உண்மைதான். அது உண்மையாக இருந்ததுதான் எனக்குக் கூடுதல் கோபம்.

மாலையில் கணவரிடம் சொன்னேன். "மீனுக்காவ வீடு மாத்துன மொத ஆளு நாமளாத்தான் இருப்போம் ஏளா" என்று சொல்லிவிட்டுப் பையைத் தலைக்கு வைத்துப் படுத்துக்கொண்டார். அவருக்கு ஒரு நாளில் பேசவேண்டிய பேச்செல்லாம் பஸ்ஸிலேயே முடிந்துவிடும்.

தண்ணியைக் குறைவாக மாற்றினாலும் நாறாமல் இருக்க ஒரு வழி இருந்தது. கேனிஸ்டர் ஃபில்டர். மூடி போட்ட வாளி மாதிரி இருக்கும், தொட்டிக்குக் கீழே வைக்கவேண்டும். ஒரு குழாய் வழியாகத் தொட்டித் தண்ணி அதற்குள் இறங்கும். உள்ளே தட்டுத் தட்டாக ஸ்பாஞ்சும் பீங்கான் வளையங்களும் இருக்கும். அவற்றில் புகுந்து வருகிற தண்ணியை மூடியில் இருக்கும் மோட்டார் இன்னொரு குழாயில் மேலே தள்ளும். இதையெல்லாம் போனில் வீடியோ பார்த்துத் தெரிந்துகொண்டேன். வீடியோவில் பேசுகிற பையன்கள் ஒருவனும் மூச்சு விடுவதில்லை. நல்ல ஃபில்டர் எது என்று கேட்டால் என் வீட்டு வாடகையைவிட ஐந்து மடங்கு விலை உள்ளதைக் காட்டுகிறார்கள். மலிவானது எது என்று தேடினால் 'மலிவாக வாங்காதீர்கள்' என்று பதினைந்து நிமிடம் பேசுகிறார்கள். எல்லாருக்கும் கோடீஸ்வர மீன் போல.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மீனும் லவ் பேர்ட்ஸும் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. மூன்று நாள் அந்த வழியாகப் போய் உள்ளே நுழையாமல் திரும்பினேன். நான்காம் நாள் நுழைந்தேன். கடைக்காரருக்கு என் வயதுதான் இருக்கும்.

"அண்ணாச்சி, கேனிஸ்டர் ஃபில்டர் இருக்கா?"

அவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "சார் வரலியா?"

"இல்ல."

"யாரு வாங்கிட்டு வரச் சொன்னாவ?"

"எனக்குத்தான்."

முதலில் ஒரு பளபளப்பான பெட்டியை எடுத்து வைத்தார். "இதுல உள்ள நீலக் கலர்ல லைட் எரியும்க்கா."

"லைட் எதுக்கு?"

"அழகா இருக்கும்லா."

தொட்டிக்கு அடியில், சேலைத் திரைக்குப் பின்னால் இருக்கப்போகிற வாளிக்கு என்ன அழகு? இரண்டாவதாகக் கைக்கு அடக்கமான சின்ன ஒன்றைக் காட்டினார். மணிக்கு ஆயிரம் லிட்டர் என்று பெட்டியில் போட்டிருந்தது. வாளி காலியாக இருக்கும்போது ஓடுகிற கணக்கு அது, உள்ளே ஸ்பாஞ்சை அடைத்தால் பாதிகூட வராது என்று வீடியோவில் பார்த்திருந்தேன். இதைச் சொல்ல நினைத்தேன். வரவில்லை. வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

மூன்றாவது, மேல் தட்டில் தூசி படிந்து இருந்தது. பெயர் தெரியாத கம்பெனி. அழகில்லை, பருமனான வாளி, நான்கு கிளிப். அதைக் கைகாட்டினேன். எடுத்துக்கொடுத்தார். குழாயை மடக்கிப் பார்த்தேன், நசுங்கவில்லை. மூடியைத் திறந்து சுற்றியிருந்த ரப்பர் வளையத்தை விரலால் தடவினேன். தையல் மிஷினில் முதலில் போவது பெல்ட். இதில் முதலில் போவது இந்த ரப்பராகத்தான் இருக்கும். அது போனால் வீடெல்லாம் தண்ணி. அப்புறம் சித்திரை வரைகூட வீட்டுக்காரம்மா காத்திருக்கமாட்டார்.

"இந்த ரப்பர் தனியா கிடைக்குமா அண்ணாச்சி?"

"வாங்குததுக்கு முன்னயே கெட்டுப்போறதப் பேசுதீங்களே! வீட்ல கல்யாணம் பேசப் போனாலும் இப்பிடித்தானா?"

பக்கத்தில் கிளிக்குத் தினை வாங்க வந்திருந்த ஆள் சிரித்தான். என் காது சூடானது. ஆனாலும் நகரவில்லை. பதில் பேச வராதவளுக்கு நிற்கவாவது வரும். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் முணுமுணுத்துக்கொண்டே உள்ளே போய் இரண்டு ரப்பர் வளையம் கொண்டுவந்து மேசையில் போட்டார். மற்ற இரண்டு பெட்டிக்கும் வளையம் கிடையாது, இதற்கு மட்டும்தான் என்றார். வாங்கிவிட்டேன்.

மாட்டுவதற்குள் இரண்டு முறை தரை நனைந்தது. மூன்றாம் முறை ஓடியது. காதை வைத்தால் மட்டும் கேட்கிற சத்தம். இரண்டு மூன்று வாரம் பழைய ஸ்பாஞ்சையும் கூடவே ஓடவிட்டு, பிறகு எடுத்துவிட்டேன். தண்ணி கண்ணாடிபோல் நின்றது. நாற்றமில்லை. வாரத்துக்கு எட்டுக் குடம் சுமந்தவள் இரண்டு குடத்தோடு நிறுத்தினேன். சித்திரை பிறந்தது. வீட்டுக்காரம்மா ஒருநாள் வாசலில் நின்று மூக்கை இழுத்து மோந்து பார்த்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. எனக்கு அன்று பாயசம் வைக்கவேண்டும்போல் இருந்தது.

அவர் அதோடு விடவில்லை. அந்த வாரம் நல்ல தண்ணி வந்த அன்று, குழாயடியில் மற்ற இரண்டு வீட்டுப் பெண்களையும் வைத்துக்கொண்டு, என்னைப் பார்க்காமல் எனக்குக் கேட்கும்படி பேசினார்.

"மீனுக்கு மிஷினு வாங்கியாச்சாம். என்ன மிஷினு வாங்கி என்ன செய்ய, குடிக்கிறது உப்புத் தண்ணி. நல்ல தண்ணின்னா என்னன்னு அதுக்கும் தெரியாது, வளக்கிறவளுக்கும் தெரியாது."

அவர்கள் சிரித்தார்கள். நான் குடத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். ஆனால் அது உள்ளேயே கிடந்து அறுத்தது. தைக்கும்போது, அரிசி களையும்போது, பல் விளக்கும்போதெல்லாம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லாம் நல்ல பதில்கள்.

அடுத்த முறை நல்ல தண்ணி வந்தபோது என் பங்கைப் பிடித்தேன். பிறகு வீட்டுக்குள் போய் ஃபில்டரைக் கழற்றினேன். அதைத் தூக்கி வந்து, நான்கு வீட்டுக்கும் நடுவில், வீட்டுக்காரம்மாவின் கண்முன்னால் வைத்துத் திறந்தேன். ஸ்பாஞ்சும் வளையங்களும் பழுப்பாக வழுவழுவென்று இருந்தன. என் குடத்து நல்ல தண்ணியை, என் வீட்டில் சோறு வடிக்க இருந்த தண்ணியை, மூன்று குடம் ஊற்றிக் கழுவினேன். வெள்ளை வெளேர் என்று ஆகும்வரை கழுவினேன். வளவே பார்த்தது. வீட்டுக்காரம்மாவின் வாய் திறந்தபடி இருந்தது. என் வாழ்க்கையில் ஊருக்கு நடுவில் நின்று நான் செய்த ஒரே வீரம் அதுதான்.

இரண்டாம் நாள் மீன் தீனியைத் தொடவில்லை. மூன்றாம் நாள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. செவுள் சிவந்திருந்தது. ஒரு கண்ணில் பால் படிந்த மாதிரி வெள்ளை. நான் கண்ணாடியில் விரலை வைத்தேன். முட்ட வரவில்லை.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். ஃபில்டரைக் கழுவியதைச் சொன்னேன்.

"எந்தத் தண்ணில?"

"நல்ல தண்ணிலதான் அண்ணாச்சி."

"அடப்பாவமே. அதுல புழு பூச்சி சாவ குளோரின் போட்டு விடுதாங்கள்லா? ஃபில்டர்ல பழுப்பா வழுக்குச்சே, அதுதாங்க்கா மீனு அழுக்கத் தின்னு தீக்குத உயிரு. அம்புட்டையும் கொன்னுட்டீங்க. ஒங்க உப்புத் தண்ணில அலசிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது."

"இப்ப என்ன செய்யணும்?"

"தீனி போடாதீங்க. தெனம் பாதித் தண்ணிய மாத்துங்க. ஒரு மாசமாவது. போர் தண்ணி, தெரியுதா? நல்ல தண்ணி காட்டாதீங்க."

தினம் பாதித் தொட்டி. சித்திரையில். அப்போது மோட்டார் காலையில் கால் மணி நேரம்தான் ஓடும். வீட்டில் இருந்த ஒரு வாளி உப்புத் தண்ணியைத் தொட்டியில் ஊற்றிப் பார்த்தேன். அது போதவில்லை. மீன் சாயத் தொடங்கியது. மத்தியானம் இரண்டு மணிக்கு முன்வீட்டு வாசலில் போய் நின்றேன். வீட்டுக்காரம்மா வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார்.

"என்னட்டி?"

"மோட்டார் கொஞ்சம் போடணும்க்கா. மீனு சாவப்போவுது."

"ஏன், மிஷினு என்னாச்சு?"

அவர் இன்னொரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார். கடைசியில் சொன்னேன். "நல்ல தண்ணில கழுவுனதுல கெட்டுப்போச்சு."

வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, நிதானமாக மென்றார். "அன்னைக்கு எனக்குக் காட்டத்தான கழுவுன?"

"ஆமா."

"எம் மேல அம்புட்டு கோவமாட்டி?"

"ஆமாக்கா."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கிச் சிரித்தார். எழுந்து உள்ளே போய் சுவிட்சைப் போட்டுவிட்டு வந்தார். "போ, போய்ப் பிடி. தெனம் இந்நேரம் போடுதேன். ஆனா நீயே வந்து கேக்கணும்."

நாற்பது நாள் போய்க் கேட்டேன். ஒருநாள்கூட அவர் தானாகப் போடவில்லை. ஒவ்வொரு நாளும் "யாருக்கு?" என்று கேட்பார், "மீனுக்கு" என்று நான் சொல்லவேண்டும். வளவே கேட்கும். முகத்தில் அடித்திருந்தால்கூட இந்நேரம் மறந்திருப்பேன்.

மீன் பிழைத்தது. ஒரு கண் தெரியாது. ஃபில்டர் இன்னும் ஓடுகிறது. இரண்டாவது ரப்பர் வளையத்தை மாட்டியிருக்கிறேன். அழுக்குச் சேர்ந்தால் தொட்டியில் இறைத்த தண்ணியிலேயே மெல்ல அலசுகிறேன்.

போன வாரம் வீட்டுக்காரம்மா ரவிக்கைக்கு அளவு கொடுக்க வந்தார். மீனுக்குக் கண் தெரிகிற பக்கத்தில் நின்றார். டொக்கென்று ஒரு முட்டு. அவர் பதறிப் பின்வாங்கி என் தையல் மிஷினில் இடித்துக்கொண்டார்.

"நான் போட்ட தண்ணில பொழச்சிட்டு என்னையே முட்ட வருது பாரு, நன்னி கெட்டது!"

நான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "அதுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா" என்றேன். அவர் போனபிறகு அதற்கு இரண்டு தீனி உருண்டை கூடுதலாகப் போட்டேன்.