மிளகாய் ஏந்திய பூனை

டென்மார்க்கின் விபோர்க், மார்ச் 1986, சனிக்கிழமை. காலை எட்டரைக்கு மொழிப் பள்ளியின் வாடகைப் பேருந்து கிளம்பியது. ஓர்ஹூஸ் நகரத்து அருங்காட்சியகத்துக்கு ஏறத்தாழ அறுபத்தைந்து கிலோமீட்டர். சாலையோரம் அழுக்கேறிய பனி. வயல்களில் கறுப்பு மண் தெரியத் தொடங்கியிருந்தது. மாணவர்களில் பாதிப் பேர் இலங்கைத் தமிழர், மற்றவர்கள் ஈரானியரும் வியட்நாமியரும். நான் சென்னையிலிருந்து வந்த விருந்தாளி.

எனக்கு வீட்டில் இடம் கொடுத்தவர்கள் மன்னாரைச் சேர்ந்த யோசேப்பும் அவர் மனைவி செல்வியும். தொழிற்சாலையில் வேலை செய்யும் யோசேப்பு டேனிஷ் சரளமாகப் பேசுவார். செல்வி அதைப் பிழையில்லாமல் எழுதுவார். வாய் திறக்க மாட்டார். கடையிலும் தபால் நிலையத்திலும் மருத்துவரிடமும் அவருக்காக யோசேப்பே பேசிவிடுவார். விபோர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளர் வேலை காலியாக இருந்தது. செல்விக்கு அது வேண்டும். அங்குள்ளவர்களுடன் இவரால் பேச முடியும் என்று ஆசிரியை இங்கர் சொன்னால் கிடைக்கும். வகுப்பில் செல்வியின் குரலையே கேட்டிராத இங்கர் அப்படிச் சொல்லத் தயாராக இல்லை. இன்று ஒவ்வொருவரும் ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்து அதைப் பற்றி டேனிஷில் பேச வேண்டும்.

"அண்ணை, வீட்டில இவவின்ர வாய்க்கு நான் பயம்," என்றார் யோசேப்பு. "டெனிஷ்காரரைக் கண்டால் மட்டும் ஊமை."

"நீங்கள் இடம் விட்டாலெல்லோ கதைக்கிறதுக்கு," என்றார் செல்வி, சன்னலைப் பார்த்தபடி.

பத்து மணி. தென் அமெரிக்க அறை. செல்வி நின்றது ஒரு சாண் உயர மண்பாண்டத்தின் முன்னால். பெருவின் தெற்குக் கரையோரப் பாலைநிலத்தில் நாஸ்கா மக்கள் செய்தது. வயது ஏறத்தாழ ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள். உருண்டை வயிறு. மேலே இரண்டு குழாய் மூக்குகள், அவற்றை இணைக்கும் பட்டையான கைப்பிடி. சிவப்பு, கறுப்பு, சாம்பல், வெளிர்மஞ்சள் எதுவும் மங்கவில்லை. புள்ளி போட்ட பூனை ஒன்று, விறைத்த மீசையும் நீட்டிய நாக்குமாக நம்மையே பார்க்கிறது. முன்னங்கால்களில் கொத்தாக மிளகாய். விளைச்சலைக் கொண்டுவரும் பூனை என்று அந்த மக்கள் நம்பியிருக்கலாம் என்றார் தாடி வைத்த வழிகாட்டி; யோசேப்பு எனக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். நம் அடுப்படிக்கு மிளகாய் வந்ததும் அந்தக் கண்டத்திலிருந்துதான்.

"எங்கட பூனையள் மீனைத்தான் காவிக்கொண்டு ஓடும்," என்று செல்வி சிரித்தார்.

"ரெண்டு மூக்கு ஏனெண்டு தெரியுமோ, அண்ணை? ஒண்டு சைவம், மற்றது மச்சம்," என்றார் யோசேப்பு.

இதில் எப்படிக் குடிப்பார்கள் என்று ஓர் ஈரானியர் கேட்டார். வழிகாட்டி கைகளைக் குவித்து, மூக்கில் உதடு வைத்து உறிஞ்சுவதுபோல் காட்டினார்.

"வாய் வைச்சோ?" செல்வியின் முகம் சுருங்கியது. "எச்சில் எல்லோ."

பொதுப் பாத்திரத்தை உதட்டில் படாமல் உயர்த்தி, அண்ணாந்து குடித்துப் பழகியவர் அவர். மூக்கு வைத்த பாத்திரம் வேறு எதற்கு இருக்க முடியும்? "நை," என்றார், இல்லை என்பதற்கான டேனிஷ் சொல். வகுப்பே திரும்பியது. தலையைச் சாய்த்து, வெறுங்கையை உயர்த்தி, சொல்லுக்குச் சொல் தேடி விளக்கத் தொடங்கினார். உதவ வாயெடுத்த யோசேப்பின் தோளில் இங்கர் கை வைத்தார்.

ஒரு மூக்கு காற்று புகுவதற்கு, அப்போதுதான் மற்றதில் சீராக வழியும் என்றார் வழிகாட்டி. இவை பெரும்பாலும் கல்லறைகளில் கிடைத்தவை. எப்படிக் குடித்தார்கள் என்பதற்குத் தன்னிடம் சாட்சி இல்லை. காற்றைச் செல்வி ஒப்புக்கொண்டார். உதட்டை ஒப்புக்கொள்ளவில்லை. வாதம் நீண்டது. என்ன சொல்கிறார் என்று யோசேப்பைக் கேட்டேன்.

"பொறுங்கோ அண்ணை, நானே கேட்டுக்கொண்டு நிக்கிறன்."

பன்னிரண்டு மணிக்குச் சிற்றுண்டிச்சாலை. செல்வி தண்ணீர்க் குடுவையை உயர்த்தி, ஒரு துளி சிந்தாமல் குடித்துக் காட்டினார். இங்கரும் முயன்றார், தண்ணீர் மூக்கிலும் கம்பளிச் சட்டையிலும் போனது. செல்வி அவர் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, மெல்ல ஊற்றி, விழுங்கச் சொன்னார். கழுத்தைத் துடைத்துவிட்டார். குளிர்கிறதா என்று டேனிஷில் கேட்டார். இங்கர் தலையாட்டிவிட்டு, பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து முதியோர் இல்லத்தின் பெயரை எழுதிக்கொண்டார். மாலையில் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது, மறுமுனையில் இங்கர். யோசேப்பு எடுத்து, ஒரு வார்த்தைகூடப் பேசாமல் மனைவியிடம் நீட்டினார்.

திங்கள் காலை, விபோர்க் ரயில் நிலையம். சென்னையில் நான் கிளம்பியபோது வழியனுப்ப வீடே திரண்டு வந்தது. இங்கே யோசேப்பு மட்டும் நின்றார். வீட்டுக்காரம்மா வராதது வருத்தம் தராத ஒரே பயணம் எனக்கு இதுதான். ஏழு மணிக்கே அவர் முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டார்.

யோசேப்பு ஒரு பொட்டலத்தை என் கையில் திணித்தார். "புட்டு. நான்தான் அவிச்சனான், குறை சொல்லாதேங்கோ."

"செல்வி என்ன சொல்லிவிட்டுப் போனார்?"

"எனக்கோ? ஒண்டுமில்லை, அண்ணை," என்றார், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "விடிய எழும்பினதிலயிருந்து கண்ணாடிக்கு முன்னால நிண்டு டெனிஷிலதான் கதைச்சவ."