இடது கையின் அளவு

அம்மாவின் இடது கைக்கு அப்போது எங்கள் வீட்டில் ஆளாளுக்கு அதிகாரி. மார்பில் வந்த புற்றுநோய்க்கு வேலூரில் ஆபரேஷன் முடித்து, அம்மா ஆம்பூருக்குத் திரும்பியிருந்தாள். அக்குளில் இருந்த நிணநீர் முடிச்சுகளையும் எடுத்துவிட்டதால் அந்தக் கையில் நீர் தேங்கி வீங்கலாம், மாதங்கள் கழித்தும் வரலாம் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். காயம் படக் கூடாது, வீக்கம் தெரிந்தால் அன்றே வர வேண்டும், மற்றபடி வேலை செய்யலாம். கடைசியாகச் சொன்னது மட்டும் எங்கள் வீட்டில் யார் காதிலும் விழவில்லை.

அத்தை அம்மாவை ஒரு டம்ளரைக்கூடத் தூக்க விடவில்லை. வீங்கினால் ஷூ கம்பெனி வேலை அன்றோடு சரி என்று அப்பா தீர்ப்பு சொல்லிவிட்டார். அம்மா அங்கே தையல் மிஷினில் பல வருஷம் உட்கார்ந்தவள். "வீங்காத கைக்கு இன்னாத்துக்கு லீவு?" என்று கேட்டுவிட்டு கம்பெனி வண்டியில் ஏறிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கையை அளப்போம். தானே அளந்தால் டேப் நழுவுகிறது என்று, ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு அந்த உத்தியோகத்தைக் கொடுத்தாள். முழங்கைக்கு மேல் நான்கு விரல் தள்ளிச் சுற்றி எண்ணைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிறு எண் கூடியிருந்தது. அப்பா பக்கத்திலேயே நின்றார். நான் டேப்பைச் சதையில் பதிய இழுத்துப் பிடித்து, பழைய எண்ணையே சொன்னேன். அடுத்த வாரமும் அப்படியே. அப்பாவையும் அத்தையையும் ஒன்றாகத் தோற்கடித்த பெருமையில் இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

மூன்றாவது வாரம் ஜாக்கெட்டின் இடது கை ஏறவில்லை. அம்மா டேப்பின் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு தானே அளந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடி விழும் என்று பயந்து நின்றேன்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்லன்னு சொல்றதுக்கு ஆள் ஜாஸ்தியா இருக்காங்க. எனக்கு நெசத்த சொல்ல ஒரு ஆள் வேணும். தெரிஞ்சாதானே சண்ட போடுவேன்" என்றாள்.

மறுநாளே வேலூர் பஸ் பிடித்தாள். திரும்பும்போது மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான ஓர் உறை. இன்னும் தள்ளிப்போட்டிருந்தால் சிரமம் என்றாராம் டாக்டரம்மா. அப்பா தன் தீர்ப்பை நினைவுபடுத்தினார்.

"இத போட்டுக்கினு வேலைக்கு போலாம்னாங்க. சந்தேகம்னா நீங்களே போயி கேட்டுட்டு வாங்க" என்றாள் அம்மா.

அப்பா போகவில்லை, அம்மா போனாள், கம்பெனிக்கு. அங்கே உறையை வேடிக்கை பார்த்தவர்களுக்கு, பார்த்து முடிக்கும்வரை கையை மிஷின் மேல் நீட்டி வைத்திருந்தாளாம்.

அடுத்த ஞாயிறு, இனி தானே அளப்பதாக அப்பா டேப்பைக் கேட்டார். அம்மா அவரிடம் தரவில்லை, என்னிடம் நீட்டினாள். இந்த முறை டேப்பை இழுக்காமல் சுற்றி, வந்த எண்ணை அப்படியே சொன்னேன். செய்த தப்புக்கு அம்மா இன்னும் தண்டனை கொடுக்கிறாள் என்றுதான் அன்று நினைத்தேன்.