கொள்ளுக்கொடி மேல் ஏறிய பந்தய வண்டி

வண்டியை அளக்க என் கணவரிடம் இருந்த ஒரே கருவி நான்தான். பக்கத்து இருக்கையில் என்னை உட்கார வைத்து, கையில் முக்கால் டம்ளர் தண்ணீரைக் கொடுத்துவிட்டு, ராயக்கோட்டை சாலை வளைவுகளில் வேகமாகத் திருப்புவார். வளைவு முடிந்ததும் ஒரே கேள்விதான்: "தண்ணி சிந்துச்சா?" பயந்தாயா, வாந்தி வருகிறதா என்றெல்லாம் கேட்கிற வழக்கம் கிடையாது. என் சேலை நனைந்திருந்தால் அடுத்த லீவு நாளில் ஸ்பிரிங்கைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்துவிடுவார்.

எண்பதுகளின் நடுவில் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், அச்சும் கருவிகளும் கடைகிற டூல் ரூமில் அவருக்கு வேலை. எங்கள் வண்டி பழையது, பின்சக்கரத்தில் இழுப்பது. கூட வேலை செய்த பெங்களூர்க்காரர் அப்போது புதிதாக வந்த குட்டி வண்டியை வாங்கியிருந்தார். அது முன்சக்கரத்தில் இழுப்பது. எது ஒசத்தி என்ற சண்டையைக் கேன்டீனில் ஆரம்பித்து, கம்பெனி பஸ்ஸில் தொடர்ந்து, எங்கள் வீட்டுச் சாப்பாட்டுத் தட்டு வரைக்கும் கொண்டுவருவார்கள். ரசம் சோற்றில் விரலால் கொண்டை ஊசி வளைவு போட்டுக் காட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் நாட்றாம்பாளையம் போகும் மலைப்பாதையில் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிடுவது என்று முடிவானது. இரண்டிலும் டம்ளரோடு நான். புது வண்டி சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை. ஈரமான இடத்திலும் தரையை விடாது. ஆனால் வேகமாகத் திருப்பினால் மூக்கை வளைவுக்கு வெளியே கொண்டுபோகும், எவ்வளவு ஒடித்தாலும் உள்ளே வராது. எங்களுடையது பின்பக்கத்தை வீசும். வீசும்போது ஸ்டீயரிங்கைக் கொஞ்சம் எதிர்ப்பக்கம் ஒடித்து, ஆக்சிலேட்டரை விடாமல் பிடித்திருந்தால் தானாக நிமிர்ந்து வெளியே வந்துவிடும். பின்சீட்டில் இருந்த பெங்களூர்க்காரர் "சாக்கு, சாக்கு" என்று கன்னடத்தில் போதும் போதும் என்று அலறினார். என் டம்ளரில் தண்ணீர் அப்படியே இருந்தது. அன்றைக்கு எனக்கும் அந்தப் பைத்தியம் தொற்றிக்கொண்டது.

அதற்கப்புறம் அவருக்கு மெட்ராஸ் பக்கம் சோழவரத்தில் நடக்கும் கார்ப் பந்தயத்தைத் தவிர வேறு நினைப்பே இல்லை. முன் ஸ்பிரிங்கை வெட்டினார். பின்னால் ஸ்பிரிங் பட்டைகளில் ஒன்றைக் கழற்றினார். அகல டயர் போட்டார். சைலன்சரைத் தூக்கிப்போட்டுவிட்டு, வண்டியின் வயிற்றுக்கடியில் தரைக்குச் சாண் உயரம்கூட இல்லாமல் புகை போக ஒரு நேர்க்குழாயை ஓட்டினார். உத்தனப்பள்ளியில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்த என் அப்பா அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இது என்னா மாப்ள, தரைய நக்கிக்கினு போவுது?" என்றார். மூட்டை ஏற்ற முடியாதது அவர் கணக்கில் வண்டியே இல்லை. இவர் முகம் சுண்டிப்போனது. அதற்கப்புறம் அப்பா முன்னால் வண்டிப் பேச்சே எடுக்கமாட்டார்.

பந்தயத்துக்குக் கிளம்பிய அன்று, என்னை அப்பா வீட்டில் விட்டுவிட்டு அப்படியே கிருஷ்ணகிரி வழியாக மெட்ராஸ் போவதாக ஏற்பாடு. தை மாதம். எங்கள் பக்கம் கொள்ளு அறுத்தால் கொடியோடு தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற லாரியும் பஸ்ஸும் மிதித்துக் கொடுக்கும். அன்று அப்பாவும் ரோட்டை மூடிப் பரப்பியிருந்தார். என்னவோ, ஒரு லாரியும் வரவில்லை. எங்களைப் பார்த்ததும் தலைத்துண்டை அவிழ்த்து ஆட்டினார்.

"மாப்ள, அப்பிடியே நாலு வாட்டி ஏறி எறங்குங்க. ஒரு லாரியும் காணோம்."

"வேணாங்க," என்றேன் நான் மெதுவாக. "மெட்ராஸ் போற வண்டி."

"உங்கப்பா இன்னைக்குத்தான் இத வண்டின்னு நெனச்சு ஒரு வேல சொல்றாரு. மாட்டேன்னு சொல்லவா?"

அப்போது அவர் முகத்தில் இருந்த சந்தோஷம் பந்தயத்தில் ஜெயித்திருந்தாலும் வந்திருக்காது. என்னை இறக்கிவிட்டு வண்டியைக் கொள்ளின் மேல் ஏற்றினார். போனார், வந்தார். காய்ந்த காய்கள் படபடவென்று வெடித்தன. டயருக்குப் பிடிமானம் இல்லாமல் பின்பக்கம் வழுக்கியது. அதை அலட்சியமாக நேராக்கிக் காட்டினார். அப்பா வாய்விட்டுச் சிரித்து, "இன்னொரு வாட்டி, மாப்ள" என்றார். இவர் மறுபடியும் திருப்பினார். அடியில் கொடி சுற்றிக்கொண்டே இருந்திருக்கிறது, குழாயும் கொதித்துக்கொண்டிருந்தது. புகை கிளம்பியபோது நாங்கள் அதைத் தூசி என்றுதான் நினைத்தோம்.

அவர் வெளியே குதித்துவிட்டார். அதோடு விட்டிருக்கலாம், பாவி மனுஷன். தரையில் படுத்து வெறும் கையை அடியில் விட்டு எரிகிற கொடியைப் பிடுங்கினார். அப்பாதான் காலைப் பிடித்து இழுத்துப்போட்டார். மண்ணை வாரி வாரிப் போட்டும் ஒன்றும் ஆகவில்லை. வண்டியும் எரிந்தது, கொள்ளும் எரிந்தது.

இரண்டு கையும் வெந்து, விரல்கள் மடங்கியபடியே ஒட்டிக்கொண்டன. அந்தக் கையை வைத்துக்கொண்டு டூல் ரூமில் என்ன செய்வது? கம்பெனி அவரை வாசல் கேட்டில் காவலுக்கு உட்கார வைத்தது. எந்த வண்டி உள்ளே வந்தாலும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் பார்ப்பாராம். பெங்களூர்க்காரர்தான் வந்து சொல்லி அழுதார். அப்பா அடுத்த தையிலும் ரோட்டில்தான் கொள்ளு பரப்பினார். வேறு எங்கே பரப்புவார்? யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. சாமியைக்கூடத் திட்டிப் பார்த்தேன், அதுவும் அலுத்துப்போனது.

அவருக்குத் தண்ணீர் கொடுத்தால் முக்கால் டம்ளர்தான் கொடுப்பேன். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே இடுக்கித் தூக்குவார். வாய்க்குப் போவதற்குள் பாதி சட்டையில் கொட்டிவிடும். ஒருநாள் நான் துண்டை எடுத்துக்கொண்டு போய்த் துடைத்தபோது தலை நிமிராமல் கேட்டார்.

"சிந்திடுச்சா?"

"இல்லீங்க," என்றேன், துடைத்துக்கொண்டே.