அண்ணன் பக்கத்துச் சுவர்

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் அப்பாவின் வீட்டைப் பாகம் பிரித்தபோது நடுவில் எழுப்பியது ஒற்றைச் செங்கல் சுவர். எழுப்பியவன் என் அண்ணன். ஒரு பாதி அவனுக்கு, மறு பாதி எனக்கு. கிணறு அவன் பக்கம் போனதில் தொடங்கிய பேச்சு வளர்ந்து, கடைசியில் பேச்சே நின்றுபோனது. தெருவில் அப்பளம் காயும் பாய்களைச் சுற்றிக்கொண்டு எதிரெதிரே வருவோம். முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவோம்.

பள்ளிக்கூட வேலையை விட்ட பிறகு, புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்து அனுப்பும் வேலை எனக்குக் கிடைத்தது. நிறுவனம் சென்னையில். தெருப்பக்கத்து அறையில் ஆட்டோ, கீரைக்காரி, நாய் என்று எல்லாம் பதிவாகிவிடும் என்பதால், சுவரை ஒட்டிய உள்ளறையில் உட்கார்ந்தேன். பாயை விரித்தால் ஓரம் மடங்கும் அளவுக்குச் சிறிய அறை. அனுப்பிய முதல் பதிவே திரும்பி வந்தது.

“அக்கா, பாத்ரூம்ல உக்காந்து படிச்ச மாதிரி இருக்கு. எக்கோ அடிக்குது,” என்றாள் அங்கே ஒலியைச் சரிபார்க்கும் பெண்.

வீடியோக்களைப் பார்த்து முட்டை அட்டைகளை வாங்கிச் சுவர் முழுக்க ஒட்டினேன். கரப்பான்பூச்சிதான் வந்தது, எதிரொலி போகவில்லை. ஆத்திரத்தில் எல்லாவற்றையும் பிய்த்தெறிந்தேன். பிறகு நானே ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். இலவம்பஞ்சு மெத்தையை எனக்குப் பின்னால் நிமிர்த்தி வைத்தேன். கதவில் ஜமுக்காளம் தொங்கவிட்டேன். பீரோவைத் திறந்து, அடுக்கிய சேலைகளைப் பார்த்தபடி வாசித்தேன். குரல் துணியில் போய் அடங்கியது. மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளிக் கொஞ்சம் சாய்த்து வைத்ததும், ‘ப’ வருகிற இடத்தில் எல்லாம் ‘பொத்’தென்று விழுந்த சத்தம் நின்றது. மின்விசிறியையும் ஃபிரிட்ஜையும் அணைத்துவிட்டு, வியர்வை வடிய வாசிப்பேன். ஒருநாள் ஃபிரிட்ஜைத் திரும்பப் போட மறந்து மாவு முழுக்கப் புளித்துப்போனது.

இத்தனையும் செய்து அனுப்பியதற்கு அந்தப் பெண் சொன்னாள்: “ரூம் சவுண்டு சூப்பரா இருக்கு அக்கா. ஆனா பின்னாடி யாரோ சண்டை போடுறாங்களே?”

அண்ணன் வீட்டு டிவி. அதுவரை என் காதுக்குப் பழகிப்போயிருந்த சத்தம் அது. ஹெட்போனில் போட்டுக் கேட்டபோது, நான் வாசித்த வரிகளுக்குப் பின்னால் ஒரு மாமியார் மருமகளை ஏசிக்கொண்டிருந்தாள். பீரோவைச் சுவரோடு தள்ளி வைத்தேன். ஏச்சு கொஞ்சம் மங்கியது, நிற்கவில்லை. சுவரைத் தட்டினேன். உலக்கையால் இடித்தேன். பதிலுக்கு ஒரு அதட்டல்கூட வரவில்லை. அதுதான் என்னை எரித்தது. வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவு கட்டினேன்.

அண்ணன் பெண்டாட்டி, என் மதினி, புறவாசலில் துணி காயப்போட வந்தபோது பிடித்துக்கொண்டேன். “ஒங்க வீட்டுக்காரர் என் பிழைப்பைக் கெடுக்கணும்னே டிவியைப் போடுதாரா மதினி?”

“நான் என்ன செய்ய? சொன்னாக் கேட்டாத்தான?” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் ஒரு நீண்ட அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்தேன். டிவி அலறியது. மைக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன். சுவர் எழும்பிய பிறகு அந்த வாசற்படியை நான் மிதித்ததில்லை. அண்ணன் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். “அண்ணே!” என்று கத்தினேன். திரும்பவில்லை. நேரே போய் டிவியை அணைத்தேன். அவன் தூக்கிவாரிப்போட்டு எழுந்தான்.

“ஏட்டி, நீ எப்பம் வந்த?”

நான் பொரிந்து தள்ளினேன். கிணற்றில் தொடங்கி டிவி வரைக்கும் சொன்னேன். அவன் என் கண்ணைப் பார்க்கவில்லை. என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு ஏதோ உறைத்தது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, சாதாரணக் குரலில், “அண்ணே, வீடு தீப்பிடிச்சுட்டு,” என்றேன்.

“சரி, சரி. பாத்துக்கிடலாம்,” என்றான்.

அடுக்களை வாசலில் நின்ற மதினி தலையைக் குனிந்துகொண்டாள். “ரெண்டு காதும் போச்சு. யாருட்டயும் சொல்லக்கூடாதுன்னு எங்கிட்ட சத்தியம் வாங்கிட்டாவ,” என்றாள்.

கோபம் தணிந்திருக்க வேண்டும். எனக்கு இரண்டு மடங்காக ஏறியது. அவன் காதருகே போய், “டாக்டர்ட்ட காட்டினா என்ன?” என்று கத்தினேன்.

“மகளுக்கு மாப்பிள்ளை பாக்குதோம். மெஷினை மாட்டிக்கிட்டு நின்னா, செவிட்டுக் குடும்பம்னு வாறவன் திரும்பிப் போயிருவான். நீ ஒன் சோலியைப் பாரு.”

தங்கை தன்னைப் பகையாளி என்று நினைத்தாலும் பரவாயில்லை, செவிடன் என்று ஊர் நினைத்துவிடக் கூடாது. அதுதான் அவன் கணக்கு. தெருவில் எத்தனையோ முறை அவன் முதுகுக்குப் பின்னால் “அண்ணே” என்று நான் தயங்கிக் கூப்பிட்டிருக்கிறேன். அவன் திரும்பாமல் நடந்ததை வீட்டுக்கு வந்து நினைத்து அழுதிருக்கிறேன். அத்தனை அழுகைக்கும் யார் பதில் சொல்வது?

என்னிடம் இருந்த பழைய ஹெட்போனை எடுத்துவந்து, டிவியைத் திரும்பப் போட்டு, அதில் செருகி அவன் தலையில் மாட்டினேன். அவன் கண் விரிந்தது. ஒரு நன்றி சொல்லக் கூடாதா? “வயரு குட்டையா இருக்கு!” என்று ஊருக்கே கேட்கும்படி கத்தினான்.

அன்றே பெங்களூரில் வேலை பார்க்கும் அவன் மகளுக்குப் போன் போட்டுச் சொன்னேன். “இதை ஏன் எங்கிட்ட மறைச்சாவ, அத்தை?” என்று என் மேலேயே எரிந்து விழுந்தாள். அந்த வாரமே வந்து, அவன் போட்ட கூப்பாட்டைக் கண்டுகொள்ளாமல் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போய்ச் சோதித்து, இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கி மாட்டிவிட்டாள். அவளைக் கட்டப்போகிறவன் பெண் பார்க்க வந்தபோது அந்த மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என் பதிவு இப்போது சுத்தமாகப் போகிறது. நான் வாசித்த ஒலிப்புத்தகமும் வெளிவந்துவிட்டது. மகளிடம் சொன்னதற்காக அண்ணன் என்னோடு பேசுவதில்லை. போன வாரம் தெருவில் பின்னாலிருந்து கூப்பிட்டேன். நன்றாகக் கேட்டது அவனுக்கு. ஒரு நொடி நின்றான். பிறகு, திரும்பாமலே நடந்தான்.