தொண்டைப் பஞ்சும் உப்புத் தண்ணீரும்

ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். நான் பார்த்த வேலைக்கு என்ன பெயர் என்று இன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. அறுபதுகளின் கடைசியில், தாம்பரத்தில் ஜுரமும் இருமலும் வீடு வீடாகப் புகுந்த ஒரு வருஷம், பட்டணத்திலிருந்து ஒரு டாக்டரம்மா வாரம் ஒருநாள் வருவார். கூட ஒரு அசிஸ்டென்ட். பிள்ளைகளின் தொண்டையைப் பஞ்சுக் குச்சியால் துடைத்து, சின்ன பாட்டிலில் ரோஸ் கலர் தண்ணீருக்குள் அதைப் போட்டு, ஐஸ் பிளாஸ்கில் வைத்து எடுத்துப் போவார்கள். அங்கே அதைக் கோழிமுட்டைக்குள் விட்டுக் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்களாம். சிட்லபாக்கத்து சைவ வீடுகளில் முட்டையைப் பற்றி மூச்சுவிடக் கூடாது என்று எனக்கு உத்தரவு.

ஸ்டேஷன் பக்கத்தில் ஐஸ் வாங்கி உடைத்து பிளாஸ்கில் நிரப்புவது என் வேலை. டாக்டரம்மாவுக்கு முன்னால் போய் இருமுகிற பிள்ளை உள்ள வீடுகளில் சொல்லி வைக்க வேண்டும். அப்புறம் பிள்ளையை மடியில் இறுக்கிப் பிடிக்க வேண்டும். அதற்கு மேல் யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

இரண்டு மாதமாக ஒரே பதில்தான் வந்தது. ஒன்றும் வளரவில்லை. பிள்ளை கண் முன்னால் நெருப்பாய்க் கொதிக்கிறது, முட்டையில் ஒன்றுமில்லையாம். இன்னும் ஒரு மாதம் இப்படியே போனால் இந்த வேலையை நிறுத்திவிடுவதாக மேலிடத்துக் கடிதம் வந்தது. பல்லாவரத்தில் தோல் பதனிடும் ஷெட்டை மூடிவிட்டதால் என் வீட்டுக்காரர் சும்மா உட்கார்ந்திருந்த நேரம் அது. என் சம்பளத்தில்தான் உலை கொதித்தது.

அசிஸ்டென்ட் பழியை ஐஸ் மேல் போட்டார். ஐஸ் என்றால் நான். தாய்மார்கள் முன்னாலேயே கேட்பார்.

"இன்னா ஆயாம்மா, வழியிலேயே ஐஸ மென்னு துன்னுட்டியா?"

அவர் குச்சியை நாக்கு நுனியில் தடவிவிட்டு எடுத்துவிடுவார். ஒரு பிள்ளை அவர் வெள்ளைச் சட்டையில் வாந்தி எடுத்ததிலிருந்து அப்படித்தான். வாராவாரம் பார்த்தேன். சொல்ல வாய் வரவில்லை. எனக்குப் படித்தவர்கள் முன்னால் பேசவே வராது.

டாக்டரம்மாவுக்கே சந்தேகம் வந்து, ஒரு வாரம் குச்சியைத் தானே கையில் எடுத்தார். நாக்கை அழுத்தி, உள்தொண்டை வரை விட்டுத் துடைத்தார். மெல்லிய குச்சி ஒன்றால் மூக்கிலும் எடுத்தார். இனிமேல் கவலையில்லை என்று நினைத்தேன். இரண்டு வாரம் கழித்து அதுவும் வெறுமையாகவே வந்தது.

அன்று பள்ளிக்கூடத்து மரத்தடியில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்து பார்த்தார். ஐஸ் கரையாமல் இருந்தது. "ஐஸும் இருக்கு, தொண்டையும் சரியாத்தான் தொட்டேன். பின்ன எங்கதான் போகுது?" என்று தனக்குத்தானே சொன்னார்.

என்ன போகிறது என்று கேட்டேன். வேலைக்கு வந்து நான் கேட்ட முதல் கேள்வி. உள்தொண்டையிலும் மூக்கிலும் ஒட்டியிருக்கும் சளியில்தான் கிருமி இருக்கும், அது பஞ்சில் ஏறினால்தான் முட்டையில் வளரும் என்றார்.

நான் செய்து வைத்திருந்தது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

முதல் வாரம் ஒரு பிள்ளை கருவாட்டு வாசனையோடு வாயைத் திறந்தபோது, அசிஸ்டென்ட் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். அந்தத் தாய் குறுகிப்போனாள். நானும்தான். அன்றிலிருந்து வீடு வீடாகச் சொன்னேன்: டாக்டரம்மா வரும் முன்னே பிள்ளைக்கு வெந்நீரில் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாகக் கொப்புளிக்க வையுங்கள், மூக்கைச் சிந்தி சுத்தமாகத் துடைத்து வையுங்கள். அவர்களும் நான் சொன்னதற்கு மேலேயே செய்தார்கள். மடியில் வந்து உட்காரும் பிள்ளைகளின் வாய் பளிச்சென்று இருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமை வேறு.

சொன்னால் என்னை அனுப்பிவிடுவார்கள். சொல்லாவிட்டால் எல்லோரையும் அனுப்பிவிடுவார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். அசிஸ்டென்ட் சிரித்தார்.

"ரெண்டு மாசமா ஏம்மா சொல்லல?" என்றார் டாக்டரம்மா.

"அந்தப் பஞ்சு சளியத்தான் தேடுதுன்னு எங்கிட்ட யாரும் சொல்லலியேம்மா."

டாக்டரம்மா திரும்பி அசிஸ்டென்டைப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது. அடுத்த வாரமும் வா என்று மட்டும் டாக்டரம்மா என்னிடம் சொன்னார்.

அதற்கப்புறம்தான் பெரிய பேஜார். கொப்புளிக்க வைக்காதீர்கள் என்றால் எவள் கேட்கிறாள்? "மூஞ்சி கூட கயுவாத புள்ளைய டாக்டர் முன்னாடி நிறுத்தச் சொல்றியே, உனக்கு இன்னா கிறுக்கா?" என்று என்னையே திட்டினார்கள். நான் கற்றுக்கொடுத்ததை நானே பிடுங்க வேண்டியிருந்தது. விடியற்காலையிலேயே போய், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் காவல் உட்கார்ந்தேன்.

அந்த வாரம் டாக்டரம்மாவே குச்சி பிடித்து எடுத்த ஆறு பாட்டில்களில் இரண்டில் கிருமி வளர்ந்தது. வேலை நிற்கவில்லை, என் வீட்டு உலையும் நிற்கவில்லை. அசிஸ்டென்ட் மட்டும், ஆயாம்மா இப்போதுதான் ஐஸை ஒழுங்காகப் போடுகிறாள் என்று கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நான் எப்போதும் போடுகிற ஐஸைத்தான் போட்டேன்.