உரோமாபுரிச் சோடாக் குண்டு

என் மனைவி மண்ணிலிருந்து எடுத்தது உரோமானியர் காலத்துப் பொருள். அது எனக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தெரியும். தெரிந்துகொண்டே, அது சோடாப் போத்தலின் வாயை அடைக்கும் வெறும் கண்ணாடிக் குண்டு என்று அவளை நம்பவைத்தேன். அதைச் சொல்லிச் சொல்லிச் சபைகளைச் சிரிக்கவும் வைத்தேன்.

மனோகரி இறந்து இரண்டு மாதங்கள் ஆகின்றன. உங்களுக்கு அவளைத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்ல முடிகிறது. இதுவும் ஒரு கோழைத்தனம் என்று நீங்கள் நினைக்கலாம்... நினையுங்கள். மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை.

நிகழ்ந்தது மன்னார்க் கரையோரம், ஓர் அகழாய்வில். நான் விரிவுரையாளன், ஒரு குழியின் பொறுப்பு என்னுடையது. கிடைக்கும் பொருள்களை அளந்து, அவற்றின் தோற்றத்தையும் குறுக்குவெட்டையும் வரைவது அவள் வேலை. அப்போது எங்களுக்குத் திருமணம் பேசப்பட்டிருக்கவில்லை.

ஒரு முற்பகலில், மண்ணைச் சலித்தவர்கள் கவனியாது விட்ட ஒன்றை அவள் சல்லடையிலிருந்து எடுத்தாள். கருநீலக் கண்ணாடி, பெருவிரல் நகத்தளவு. மேற்புறம் குவிந்திருந்தது, அடிப்புறம் தட்டை. யாரிடமும் காட்டுமுன் அதை வரைந்து முடித்தாள். பிறகு என்னிடம் கொண்டுவந்தாள்.

"சேர், இது விளையாட்டுக் காய் மாதிரிக் கிடக்கு. உரோமாபுரிக்காரர் பலகையில வச்சு விளையாடுறது. புத்தகத்தில படம் பாத்தனான்."

அகழாய்வை நடத்திய எங்கள் பணிப்பாளர் அப்போது என்னருகில் நின்றிருந்தார். அது கிடந்த மண் அடுக்கு அண்மைக் காலத்தது, கலைந்துபோனது, பயனற்றது என்று இரண்டு நாள்களுக்கு முன்னர்தான் நான் குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். அந்தக் குறிப்பை நம்பியே அதைத் தூரிகையால் துடைக்காமல் மண்வெட்டியால் வாரிக் கொட்டினார்கள். அவள் சொல்வது சரியென்றால், இரண்டாயிரம் ஆண்டுகள் கலையாமல் கிடந்த ஒன்றை இரண்டு நாளில் நான் அழித்திருக்கிறேன்.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். இல்லை, பார்ப்பதுபோல் பிடித்தேன்.

"பிள்ளை, இது சோடாப் போத்தல் குண்டு," என்றேன். "சுண்ணாம்புச் சூளைக்க விழுந்து உருகியிருக்கு. உரோமாபுரிக்காரர் மன்னாருக்கு வந்து சோடா குடிச்சவை எண்டால், நான் ஒண்டும் சொல்லேல்லை."

பணிப்பாளர் சிரித்தார். மண் சுமந்தவர்களும் சிரித்தார்கள். நான் அதைக் கழிவுமண் மேட்டை நோக்கி வீசினேன். எவ்வளவு எளிதாகக் கையைவிட்டுப் போயிற்று!

மறுநாள் முதல் முகாமில் அவள் பெயர் சோடா மிஸ். சமையற்காரர் சாப்பாட்டு வேளையில் அவளிடம் தட்டை நீட்டினார். "மிஸ், குழம்புக்க ஒரு முள்ளுக் கிடந்தது. ஆரின்ர காலத்து மீனெண்டு ஒருக்காப் பாத்துச் சொல்லுங்கோ." அவளும் சிரித்தாள். மாலையில் அவளுடைய வரைபடத் தாளைக் கண்டேன். அந்தக் காயின் படத்துக்குக் குறுக்கே அடிமட்டக் கோல் வைத்து ஒரு கோடு இழுத்திருந்தாள். பக்கத்தில், அவளுடைய சீரான கையெழுத்தில், 'சோடா'.

அன்று எனக்கு உறுதியாகத் தெரியாது. கதையை இங்கே நான் நிறுத்திக்கொண்டால் அது வெறும் தவறாக முடிந்துவிடும்.

அடுத்த ஆண்டு புலமைப்பரிசில் பெற்று இங்கிலாந்து சென்றேன். ஒரு சிறு நகரத்து அருங்காட்சியகத்தின் நிலவறையில், இழுப்பறை ஒன்றைத் திறந்து ஒரு தட்டை என் முன் வைத்தார்கள். உரோமானியப் படைவீரர் ஆடிய காய்கள். வெள்ளை, கறுப்பு, கருநீலம். ஒன்றைப் புரட்டினேன். உருகிய கண்ணாடித் துளியைத் தட்டையான பரப்பில் சொட்டவிட்டு ஆறவைப்பார்கள். அதனால் அடிப்புறத்தில் நுண்ணிய குழிகள் விழும். மனோகரி அந்தக் குழிகளைத் தன் படத்தில் புள்ளிகளாகக் குறித்திருந்தாள். எதற்கென்று தெரியாமலே, கண்டதைக் கண்டபடி, ஒவ்வொன்றாக...

அதற்குள் எங்கள் திருமணம் நிச்சயமாகியிருந்தது. அன்று மாலையே அவளுக்குக் கடிதம் எழுதினேன். பனி விழுவதைப் பற்றி மூன்று பக்கங்கள். இதைப் பற்றி ஒரு வரி இல்லை. நேரில் சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரில் சொல்வதற்கு எனக்கு ஒரு வாழ்நாள் முழுவதும் கிடைத்தது.

பின்னர் அந்தக் கரையின் கண்ணாடிப் பொருள்கள் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டேன். 'விளையாட்டுக் காய்கள் எவையும் கிடைக்கவில்லை' என்றொரு வாக்கியம் அதில் இருக்கிறது. அந்தக் கட்டுரையைத் தட்டச்சுச் செய்து தந்தவள் அவள்தான்.

அகழாய்வுக்கு அவள் மீண்டும் வரவில்லை. "எனக்கு அதுக்குக் கண் காணாது," என்று பிறரிடம் சொல்வாள். போர் வந்தது. நாங்கள் தோண்டிய இடத்தில் பதுங்குகுழிகள் தோண்டினார்கள். அவளுடைய வரைபடங்கள் எங்கள் வீட்டோடு எரிந்துபோயின. எஞ்சிய ஒரே சான்று நான்.

நியூசிலாந்தின் ஆக்லாந்துக்குக் குடிபெயர்ந்து வந்தபின் அவள் பாட்டனி டவுன்ஸ் பகுதியில் திரைச்சீலை விற்கும் கடையொன்றில் பல ஆண்டுகள் வேலை செய்தாள். ஹில்ஸ்பரோவில் எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்தால், உணவுக்குப் பின் யாராவது அந்தக் கதையைக் கேட்பார்கள். நானும் சொல்வேன். உரோமாபுரிச் சக்கரவர்த்தி மன்னாரில் இறங்கி, வெயில் தாங்காமல் ஒரு சோடா குடித்துப் போத்தலைப் போட்டுவிட்டுப் போனதை உலகுக்கு அறிவித்தவர் எங்கள் வீட்டம்மா என்று முடிப்பேன்.

"போத்தலில விலாசம் எழுதேல்லை," என்பாள் மனோகரி, தேநீரை நீட்டியபடி. "எழுதியிருந்தால் திருப்பி அனுப்பியிருப்பன்."

ஒவ்வொரு முறையும் அதே சிரிப்பு. எத்தனை முறை என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஏவன்டேல் சந்தைக்குப் போவோம். ஒரு பித்தளைக் குவளையோ பழைய பீங்கான் தட்டோ அவளுக்குப் பிடித்துவிட்டால், வாங்குமுன் என் முகத்துக்கு நேரே நீட்டுவாள். "இஞ்சேருங்கோ, இது நல்லதோ? நீங்கள் ஒருக்காப் பாருங்கோ." நான் தலையாட்டினால் வாங்குவாள். இல்லையென்றால் வைத்துவிடுவாள். பிறர் இதைக் கண்டு எங்கள் ஒற்றுமையை மெச்சினார்கள்.

சில ஆண்டுகளுக்கு முன், உரோமானியரின் அன்றாடப் பொருள்கள் கண்காட்சியாக இந்நகரத்துக்கு வந்தன. எலும்பு ஊசி, வெண்கலக் கரண்டி, மூக்கில் கரி படிந்த மண் விளக்கு. பத்திரப்படுத்த வேண்டுமென்று யாரும் நினையாதவை. கைதவறி விழுந்து, தேடப்படாமல் போனவை. என் தொழில் முழுவதும் அத்தகையவற்றை நம்பியே நடந்தது.

நான் விளக்கின் முன் நின்றிருந்தபோது அவள் அழைத்தாள்.

"இஞ்ச வாங்கோ. இதைப் பாருங்கோவன்."

கண்ணாடிப் பேழைக்குள் ஐந்து காய்கள். இரண்டு கருநீலம். ஒன்றைக் கவிழ்த்து, அடி தெரிய வைத்திருந்தார்கள்.

"அப்ப... நான் எடுத்தது?"

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. வெறும் கேள்வி. ஒரு சொல் போதுமாயிருந்தது. அருகில் பணிப்பாளரும் இல்லை, சிரிக்க ஆளும் இல்லை. எதற்கு அஞ்சினேன்? இத்தனை ஆண்டுச் சிரிப்புக்கும் கணக்குக் கேட்பாள் என்றா? கேட்காமலே விடுவாள் என்றா?

"அது வேற," என்றேன். "அதின்ர அடி இப்பிடி இருக்கேல்லை. உமக்கு மறந்துபோச்சு."

"ஓம்," என்றாள். "உங்களுக்குத்தானே தெரியும்."

அவள் நம்பினாளா, என்னைக் காப்பாற்றினாளா... எனக்குத் தெரியாது. இனிக் கேட்கவும் முடியாது.

யாழ்ப்பாணத்தவரான எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரின் வரலாற்றையும் உறவினர் நினைவுகளையும் சிறு நூலாக அச்சிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வந்தவர்களுக்குக் கொடுப்போம். காகிதத்தில் அச்சிட்டாலும் அதன் பெயர் கல்வெட்டு. வாழ்நாளெல்லாம் கல்வெட்டுகளைச் சான்றாகக் கொண்டு வாதாடியவன் நான். வெட்டப்பட்டது நிற்கும் என்பதை எனக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

மனோகரியின் கல்வெட்டுக்கு அவள் தம்பி தயாபரன் நினைவுக் குறிப்பு எழுதிக்கொண்டு வந்தான்.

"அத்தான், சோடாக் கதையும் போட்டிருக்கிறன். அது இல்லாட்டி அது அக்காவே இல்லை."

எங்கள் மகள் ஆரணி அழுதுகொண்டே சிரித்தாள். "பிளீஸ் அப்பா, அதைக் கட் பண்ண வேண்டாம். தட்ஸ் அம்மா."

அச்சுப்படியைத் திருத்தும் பொறுப்பு என்னுடையது. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்தேன். ஒரு பத்தியை அடித்து, மூன்று வரி எழுதினால் போதும்: அவள் கண்டது உண்மையானது, பிழை என்னுடையது. தயாபரன் 'உறோமாபுரி' என்று எழுதியிருந்தான். றகரத்தை ரகரமாகத் திருத்தினேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினேன்.

அந்தியேட்டியன்று மதிய உணவின்போது ஒரு பெண் என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். தமிழ்நாட்டுக்காரர், மனோகரியோடு அதே கடையில் வேலை செய்தவர். கல்வெட்டு விரித்தபடி அவர் கையில் இருந்தது.

"சார், இத இப்பத்தான் படிச்சேன். மனோக்கா கடையில துணியத் தொட்டுப் பாத்தே எந்த ஊர் நெசவுன்னு சொல்லிடுவாங்க. லேபிள் மாத்தி ஒட்டி வந்த சரக்கயெல்லாம் அவங்கதான் கண்டுபிடிப்பாங்க. ஓனரே அவங்களக் கேட்டுத்தான் வாங்குவாரு. ஒரு தடவைகூடத் தப்பானதில்ல."

எனக்கு இது தெரியாது. அவள் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. நான் இல்லாத இடத்தில் அவளுக்குக் கண் இருந்திருக்கிறது...

"அவங்க போயி இதுல ஏமாந்தாங்களா?" என்றார் அந்தப் பெண். "நிஜமாவே சோடாக் குண்டுதானா சார்?"

அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மேசையின் மறுமுனையில் ஆரணி வந்தவர்களுக்குப் பாயசம் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

"ஓம்," என்றேன். "சோடாக் குண்டுதான்."

அவர் மெல்லத் தலையசைத்தார். கல்வெட்டை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.